சூரியன் மறையும் வரை

மந்திரக் கதை எழுதுவது இலகு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தரம் பத்தில் நான் எழுதிய கதையில் வந்த மந்திரவாதியால் எதையும் செய்ய முடியும். வாசித்த தோழி கேட்டது ஒன்றே ஒன்றுதான். அப்படியானால் அவன் முதற் பக்கத்திலேயே எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுப் போயிருக்கலாமே என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் கண்ட ஒரு பெண்மணியைப் பற்றிப் பின்னர்தான் அறிந்தேன். அவர் ஈடித் நெஸ்பிட்.

ஈடித் 1858 ஓகஸ்ட் 15 இல் இலண்டனின் கெனிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை விவசாய இரசாயன அறிஞர். விவசாயக் கல்லூரி ஒன்றை நடத்திவந்தார். ஈடித்துக்கு நான்கு வயது நிறையுமுன்பே அவர் காலமானார். பின்னர் மூத்த சகோதரி மேரியைக் காசநோய் பற்றிக்கொண்டது. நல்ல காற்றைத் தேடித் தாய் பிள்ளைகளோடு பிரான்ஸ் வரை ஊர் ஊராக அலைந்தார். 1871 இல் மேரியும் இறந்துபோனார்.

அந்த அலைச்சலில் போர்டோ நகரத் தேவாலயம் ஒன்றின் நிலவறையில், அழியாமல் காய்ந்துபோன மனித உடல்கள் சுவரோரமாக நிறுத்தப்பட்டிருந்ததைச் சிறுமி ஈடித் கண்டார். அந்தப் பயம் அவரை விட்டு நெடுங்காலம் நீங்கவில்லை. 1907 இல் வெளிவந்த ‘மந்திரக் கோட்டை’ என்ற நாவலில், பிள்ளைகள் தங்கள் நாடகத்துக்குப் பார்வையாளர்கள் வேண்டுமென்று பழைய உடுப்புகளாலும் தடிகளாலும் பொம்மை மனிதர்களைச் செய்து கதிரைகளில் இருத்துகிறார்கள். யாரோ யோசிக்காமல் சொன்ன ஒரு விருப்பத்தால் அவை உயிர்பெற்றுக் கைதட்டுகின்றன. அந்த அத்தியாயத்தை இரவில் வாசிக்க வேண்டாம் என்பது என் அனுபவ ஆலோசனை.

1880 இல் ஹூபர்ட் பிளாண்ட் என்பவரை ஈடித் மணந்தார். திருமணமாகிச் சிறிது காலத்திலேயே கணவருக்கு அம்மை நோய் கண்டது. அவர் படுக்கையில் கிடந்தபோது வியாபாரப் பங்காளி பணத்தோடு தலைமறைவானார். குடும்பச் சுமை ஈடித்தின் தலையில் விழுந்தது. வாழ்த்து அட்டைகளுக்கு வர்ணம் தீட்டினார். பத்திரிகைகளுக்குக் கவிதையும் கதையும் எழுதி விற்றார். ‘ஈ. நெஸ்பிட்’ என்ற பெயரைப் பார்த்த வாசகர் பலர் அவரை ஆண் என்றே எண்ணியிருந்தார்களாம்.

1884 இல் ஆரம்பமான பேபியன் சங்கத்தின் ஸ்தாபக உறுப்பினர்களில் ஈடித்தும் கணவரும் அடங்குவர். அடுத்த ஆண்டு பிறந்த மகனுக்கும் பேபியன் என்றே பெயரிட்டனர். ஹூபர்ட் நல்ல பேச்சாளர், ஆனால் நல்ல கணவரல்லர். வீட்டிலேயே தங்கியிருந்த இன்னொரு பெண்ணுக்கு அவரால் பிறந்த இரு பிள்ளைகளையும் ஈடித் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார். இதைப் பொறுமை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த இருவரில் இளையவனான ஜோனுக்குத்தான் தமது மிகச் சிறந்த மந்திரக் கதையை அவர் சமர்ப்பணம் செய்தார் என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

அந்தக் கதை ‘ஐந்து பிள்ளைகளும் அதுவும்’. ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகள் வந்த ‘ஸ்ட்ராண்ட்’ சஞ்சிகையில் தொடராக வந்து, 1902 இல் நூலாகியது. சரளைக்கல் குழியொன்றைத் தோண்டும் பிள்ளைகள் ‘சமியாட்’ என்னும் மணல் தேவதையைக் காண்கிறார்கள். நத்தையினுடையவை போல் நீண்ட கண்கள், வௌவால் காதுகள், உரோமம் மூடிய உருண்டை உடல். எப்போதும் சிடுசிடுப்பு. நாளுக்கு ஒரு விருப்பத்தை அது நிறைவேற்றும். சூரியன் மறைந்ததும் அனைத்தும் பழையபடி ஆகிவிடும்.

இந்தச் சட்டத்தை வகுத்தபின் ஈடித் அதைப் பெரும்பாலும் மீறவில்லை. பிள்ளைகள் அழகு கேட்கிறார்கள். வேலைக்காரப் பெண் அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்துகிறாள். பகல் முழுக்கப் பட்டினி. குழி நிறையப் பொற்காசு கேட்கிறார்கள். அது பழங்காலக் காசு, கடைக்காரர் வாங்கமாட்டார், பொலிஸ்காரர் வந்துவிடுகிறார். சிறகு கேட்டுப் பறக்கிறார்கள். கோபுர உச்சியில் தூங்கிப்போக, சூரியன் மறைந்துவிடுகிறது. இறங்க வழியில்லை. தேவதையும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான். வரம் கொடுக்க அது மூச்சை அடக்கி உடம்பை ஊதவேண்டும். தண்ணீர் பட்டால் அதற்கு ஆபத்து.

1904 இல் வந்த ‘பீனிக்ஸும் கம்பளமும்’ நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மந்திரக் கம்பளம் பாவித்துப் பாவித்து நைந்து, ஓட்டை விழுகிறது. பிள்ளைகள் சாதாரணக் கம்பளி நூலால் அதைத் தைக்கிறார்கள். தைத்த இடத்தில் மந்திரம் இல்லை! அராபிய இரவுகளின் பறக்கும் கம்பளத்துக்கு இப்படித் தையல் போடலாம் என்று எழுத, கிழிந்ததைத் தைத்துப் போட்டு வாழ்ந்த ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கும்.

1906 இல் வந்த ‘தாயத்தின் கதை’க்காகப் பிரித்தானிய நூதனசாலையின் எகிப்தியல் அறிஞர் வாலிஸ் பட்ஜ் அவர்களிடம் கேட்டறிந்து எழுதினார், நூலையும் அவருக்கே சமர்ப்பித்தார். மந்திரம் பொய், ஆனால் அதைச் சுற்றியிருப்பவை மெய்யாக இருக்கவேண்டும் என்பதில் அவர் அவ்வளவு கவனமாக இருந்தார்.

சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. 1900 இல், பதினைந்து வயதில், மகன் பேபியன் தொண்டைச் சத்திரசிகிச்சையின்பின் கண் விழிக்கவேயில்லை. மணல் தேவதையின் கதை வெளிவந்தது அதற்கு இரண்டே ஆண்டுகளின் பின். மகனைப் பறிகொடுத்த தாயின் கையில் எதையும் கேட்கக்கூடிய ஒரு தேவதை இருந்தது. எழுதுபவர் அவரே; தடுப்பார் யாருமில்லை. இருந்தும் இறந்தவர் எவரையும் அந்தத் தேவதை திருப்பிக் கொண்டுவரவில்லை. தூரத்தில் இருந்த தந்தை பிள்ளைகளிடம் திரும்பி வரும் கதையையும் ஈடித் எழுதினார். அது 1906 இல் வந்த ‘ரயில்பாதைப் பிள்ளைகள்’. அதில் மந்திரம் துளியும் கிடையாது.

1914 இல் ஹூபர்ட் இறந்தார். போர்க்காலத்தில் கையில் காசு குறைந்தது. தமது பெரிய வீட்டில் வாடகைக்கு ஆட்களை வைத்தும், தோட்டத்துப் பூவையும் மரக்கறியையும் விற்றும் ஈடித் சமாளித்தார். 1917 இல் கப்பல் பொறியியலாளரான தோமஸ் டக்கரை மணந்தார். கடைசி ஆண்டுகள் கென்ட் கடற்கரையில் எளிமையாகக் கழிந்தன. நார்னியா கதைகளைப் பின்னாளில் எழுதிய சி. எஸ். லூயிஸ், சிறுவயதில் அவர் நூல்களை விரும்பி வாசித்தவர்.

1924 மே 4 இல் ஈடித் காலமானார். செயின்ட் மேரி இன் த மார்ஷ் என்னும் சிற்றூரில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தில் கல் நாட்டவில்லை. இரண்டு கட்டைகளின் மேல் ஒரு மரச்சட்டம்; அதில் அவர் பெயரை டக்கர் தம் கையாலேயே செதுக்கி வைத்தார்.