ஆசார்யராகியும் சிஷ்யராகவே இருந்த எம்பெருமானார்

1017-ஆம் ஆண்டு சித்திரைத் திருவாதிரை நன்னாளில், ஸ்ரீபெரும்பூதூரில் ஆஸூரி கேசவ ஸோமயாஜியாருக்கும் காந்திமதி அம்மையாருக்கும் திருக்குமாரராக அவதரித்தவர் ஸ்ரீ ராமாநுஜர். உடையவர், எதிராசர், எம்பெருமானார் என்று அடியார்கள் போற்றும் அம்மஹான், 120 திருநக்ஷத்திரங்கள் இவ்வுலகில் எழுந்தருளியிருந்தார். அவர் கற்பித்தவற்றைப் பலரும் அறிவர். அவர் கற்ற விதமும் நாம் அறிந்து போற்றத்தக்கதே.

இளமையில் காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். பின்னர், திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்த ஆளவந்தாரைச் சேவிக்கும் பேராவலுடன் பெரிய நம்பிகளுடன் புறப்பட்டார். அவர் திருவரங்கம் சேர்வதற்குள் ஆளவந்தார் திருநாடு அலங்கரித்துவிட்டார். அவருடைய சரம திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. பிரஹ்ம ஸூத்திரத்திற்கு பாஷ்யம் இயற்றுதல், வியாஸ பராசரர்களின் திருநாமங்களை நிலைபெறச் செய்தல், நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு உரை காணச் செய்தல் ஆகிய மூன்றையும் நிறைவேற்றுவதாக ராமாநுஜர் பிரதிஜ்ஞை செய்ய, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன என்று குருபரம்பரை கூறும்.

பெரும் பொறுப்பு வந்து சேர்ந்தது. கற்பிக்க வேண்டிய ஆசார்யரோ இல்லை. ஆளவந்தார் தம் ஞானச் செல்வத்தைத் தம்முடைய சிஷ்யர்களிடம் பகிர்ந்தளித்திருந்தார். அச்செல்வத்தை ராமாநுஜர் அவர்களில் ஐவரை நாடிச் சென்று பெற்றார்.

மதுராந்தகத்தில் பெரிய நம்பிகள் அவருக்குப் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்வித்தார். அதன்பின் ராமாநுஜர் ஸந்நியாஸம் ஏற்று, திருவரங்கத்தில் மடத்துத் தலைவராகவும் ஆனார். அந்நிலையிலும் ரஹஸ்யார்த்தங்களைக் கற்கத் திருக்கோட்டியூர் நம்பிகளிடம் நடந்தார். திருவரங்கத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு அவ்வூர். நம்பிகள் உடனே அருளினாரல்லர். மீண்டும் வருமாறு பலமுறை திருப்பி அனுப்பினார். பதினெட்டாம் முறை சென்றபோதுதான் அர்த்தம் கிட்டியது. மடாதிபதிக்கு இது தகுமோ என்று அவர் எண்ணவில்லை. வேண்டிய பொருள் கைக்கு வரும்வரை நடந்தார்.

திருமாலையாண்டானிடம் திருவாய்மொழி கேட்டபோது வேறு விதமான சோதனை நேர்ந்தது. ஆண்டான் கூறிய பொருளுக்கு மேலும் சிறந்த பொருள்கள் ராமாநுஜருக்குத் தோன்ற, அவர் அவற்றை விண்ணப்பித்தார். மனம் நொந்த ஆண்டான் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பிகள் நடுவில் வந்து ஸமாதானம் செய்தபின் காலக்ஷேபம் தொடர்ந்தது. தம் அறிவு மிக்கிருந்தபோதும், ராமாநுஜர் ஆசார்யருடைய திருவடியை விட்டு அகலவில்லை.

திருவரங்கப் பெருமாள் அரையரிடமோ கல்விக்கு முன் கைங்கர்யமே வாய்த்தது. ஆறு மாத காலம் பாலைப் பதமாகக் காய்ச்சிக் கொடுத்தார். மஞ்சள் காப்பு அரைத்துக் கொடுத்தார். ஒருநாள் மஞ்சளின் பதம் அரையருக்கு உவப்பாயில்லை. வாய்ச்சொல் ஏதும் இன்றி, அவருடைய திருமுகக் குறிப்பாலேயே அதை உணர்ந்து, மறுபடியும் அரைத்துச் சேர்த்தார். அதில் உகந்தே அரையர் உட்பொருள்களை அருளினார். பின்னர் திருப்பதியில் பெரிய திருமலை நம்பிகளிடம் ஓராண்டுக் காலம் ஸ்ரீமத் ராமாயணம் கேட்டார்.

இவ்வளவு கற்றபின் ஸ்ரீபாஷ்யத்திற்கு போதாயன விருத்தி வேண்டும் என்று கூரத்தாழ்வானுடன் காச்மீரம் வரை சென்றார். கிடைத்த நூலை அங்குள்ளோர் திரும்பப் பறித்துக்கொண்டபோது, அதற்குள் ஆழ்வான் அதை மனத்தில் பதித்திருந்தமையே துணையாயிற்று. பாஷ்யம் சொல்லுகையில், ஜீவ ஸ்வரூபத்தைப் பற்றிய ஓரிடத்தில் ஆழ்வான் ஓலையில் எழுதாமல் நிறுத்தினார். ஜீவன் அறிபவன் என்பது சொல்லப்பட்டது. எம்பெருமானுக்கு அடிமைப்பட்டவன் என்பது விட்டுப்போயிற்று. கோபம் கொண்ட ராமாநுஜர் ஆழ்வானைத் திருவடியால் தள்ளினார். பின்பு ஆழ்ந்து சிந்தித்துத் தம் சொல்லே திருத்தத்தக்கது என்று தெளிந்தார், திருத்தியே எழுதுவித்தார். தம் சிஷ்யரிடமும் கற்க அவர் நாணவில்லை.

ஸ்ரீபாஷ்யம் நிறைவேறியது. ஆழ்வானுடைய திருக்குமாரர்கள் பராசரர், வியாஸர் என்னும் திருநாமங்களைத் தாங்கினர். திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி வியாக்கியானம் அருளினார். மூன்று பிரதிஜ்ஞைகளும் இவ்வாறு பூர்த்தியாயின. 1137-ஆம் ஆண்டு எம்பெருமானார் திருநாடு அலங்கரித்தார்.

உத்ஸவத்தில் உடையவர் ஸந்நிதியை அடையும் அடியார்கள், கூப்பிய அவருடைய திருக்கரங்களைச் சேவிப்பார்கள். பால் காய்ச்சியதும் மஞ்சள் அரைத்ததும் அத்திருக்கரங்களே. வயது சென்றது, பதவி வந்தது, இனிக் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று தயங்கும் நெஞ்சங்களுக்கு அத்திருக்கோலமே உபதேசம்.