ராமானுஜனும் விடுபட்ட எண்ணும்

கணித சாஸ்திரத்தில் நமது நாட்டின் பெயரை உலகெங்கும் விளங்கச் செய்த ஸ்ரீநிவாஸ ராமானுஜனைப் பற்றிப் பேசுவோர், அவர் கண்டவையெல்லாம் தெய்வ அருளால் கனவிலே தோன்றியவை என வியந்து, அவ்வளவில் நின்றுவிடுகின்றனர். அவரது பக்தியை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும், அவ்வியப்பினால் அவர் பட்ட பாடு மறைந்துபோகின்றதே என்பதுதான் நமது வருத்தம். அப்பாட்டைக் காட்டும் ஓர் எண்ணை இங்கு எடுத்துக்கொள்வோம்.

ராமானுஜன் 1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணிதமன்றிப் பிற பாடங்களில் மனஞ் செல்லாமையால் உபகாரச் சம்பளத்தை இழந்தார், எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார். மறு வருஷம் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் அவரது வாழ்வையே மாற்றிற்று. 1914-ல் சீமைக்குக் கப்பலேறினார்.

1915-ல் அங்கு வெளிவந்த அவரது நீண்ட கட்டுரை ஒருவகை எண்களைப் பற்றியது. 12 என்னும் எண்ணை 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியின்றி வகுக்கும். அதனினும் சிறிய எண் எதற்கும் ஆறு வகு எண்கள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய எண்கள் யாவற்றையும் வகு எண்களின் தொகையால் வெல்வது உயர்பகு எண்ணாம். அதனைப் பகா எண்களாகப் பிரித்தால், 2 வருந் தடவைக்கு மேல் 3 வராது. 3 வருந் தடவைக்கு மேல் 5 வராது. இப்படியே படிப்படியாக இறங்கும். இத்தகைய விதிகளை நிறுவியதோடு, 67,46,32,83,88,800 வரையில் 102 எண்களைக் கணக்கிட்டு அட்டவணையும் தந்தார்.

அவ்வட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று. அது 2,93,31,86,25,600. அதனுள் 2 ஆறு தடவையும், 3 நான்கு தடவையும், 5-ம் 7-ம் இவ்விரு தடவையும், 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவையும் அடங்கியுள்ளன. அதன் வகு எண்கள் 5,040. அதனை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பதே அட்டவணையின் கடைசி எண். அதற்கு வகு எண்கள் 10,080. கடைசி எண்ணை எட்டியவர் அதற்கு அடிப்படையானதைத் தவறவிட்டிருக்கின்றார்!

இது அவருக்கு இழுக்காகுமோ? ஆகாது என்போம். கனவிலே வந்த பட்டியலாயின் இவ்வாறு ஓரெண் நழுவியிராது. இரவும் பகலும் பெருக்கியும் வகுத்தும் களைத்த மனிதனுக்கே இப்பிழை நேரும்.

எப்.ஏ. தேறாத அவருக்கு, 1916-ல் அக்கட்டுரைக்காகவே கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை பி.ஏ. பட்டம் அளித்தது. 1918-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். நோயுடன் தாய்நாடு திரும்பி, 1920-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி, 32-ம் வயதில், சென்னையில் காலமானார். யுத்த காலப் பணமுடையால் அச்சேறாது நின்ற அக்கட்டுரையின் பிற்பகுதி 1997-ல்தான் வெளிவந்தது.

ஒரு பரீட்சையில் தவறிய பிள்ளையை உதவாதவனென்று தள்ளும் பெற்றோர், இச்சரித்திரத்தை ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. பிள்ளைகளும் காகிதமும் பென்சிலும் எடுத்து, அவ்விடுபட்ட எண்ணைத் தாமே வகுத்துப் பார்ப்பார்களாக. அம்மேதைக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவே.