பலூன் ஷெட்டில் இருந்து டயர் வரை: எம்.ஆர்.எஃப் மாம்மன் மாப்பிள்ளை யார்?

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி மாட்டிக்காத திருவொற்றியூர்வாசி இருக்க முடியாது. அடுத்த முறை அப்படி நிற்கும்போது லாரியின் பின்சக்கரத்தைக் கவனிங்க. அது புது டயராக இல்லாமல், தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட் டயராகவும் இருக்கலாம். ரீபட்டன் டயர்னு சொல்றாங்களே, அதேதான்.

எம்.ஆர்.எஃப் என்ற பெரிய டயர் கம்பெனிக்கு அடித்தளம் போட்டது அந்த ஒட்டு ரப்பர்தான். அதுவும் இதே திருவொற்றியூரில்.

யார் இவர்?

கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை 1922-ல் கேரளத்தில் பிறந்தவர். அப்பா கே.சி.மாம்மன் மாப்பிள்ளை, மலையாள மனோரமா பத்திரிகையின் ஆசிரியர், வங்கியும் நடத்தியவர். 1938-ல் திருவிதாங்கூர் அரசுடன் மோதல் முற்றியது. பத்திரிகை மூடப்பட்டது, வங்கி விழுந்தது, அப்பா சிறைக்குப் போனார். வசதியான குடும்பம் சட்டுனு நொடித்துப் போனது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த மகன், விடுதியில் தரையில் படுத்துத் தூங்கினார்.

1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட். அதில் பொம்மை பலூன் தயாரிப்பு. பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைத் தெருக்களில் அவரே விற்றார்.

1952-ல் என்ன நடந்தது?

அவருடைய உறவினர் ஒருவர் டயர் ரீட்ரெடிங் பட்டறை நடத்தினார். அதற்கான ட்ரெட் ரப்பரைக் கொடுத்தது ஒரு வெளிநாட்டு கம்பெனி. இதை நாமே செய்தால் என்ன என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது. பலூன் வியாபாரத்தில் சேர்த்த பணத்தை அதில் போட்டார். தோற்றிருந்தால் குடும்பம் இரண்டாவது முறை விழுந்திருக்கும். ஆனால் 1956-க்குள் இந்திய ட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி அவர் கையில்.

ரீட்ரெடிங் என்றால்?

டயரில் இரண்டு பகுதி. பாரத்தைத் தாங்கும் உடம்பு, அதாவது கேசிங். ரோட்டைத் தொடும் மேல்பட்டை, அதாவது ட்ரெட். முதலில் தேய்வது மேல்பட்டைதான். கேசிங் இன்னும் பல ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும். எனவே பழைய மேல்பட்டையைச் சுரண்டி எடுத்து, ஆணி குத்தல், வெட்டு இருக்கானு பார்த்துச் சரிசெய்து, புது ரப்பரை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வேக வைப்பார்கள். புது டயரைவிடச் செலவு மிகக் குறைவு.

இதில் நேரம் ரொம்ப முக்கியம். இன்னும் ரெண்டு ட்ரிப் ஓட்டிக்கலாம்னு விட்டால், மேல்பட்டை முழுக்கத் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் அடுக்கு வெளியே வந்துவிடும். அப்புறம் கேசிங் குப்பைதான். நடுரோட்டில் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

தொழிற்சாலைகளில் பி.எம் என்று சொல்லும் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸும் இதே கணக்குதான். பம்ப்பின் பேரிங்கைச் சத்தம் வருவதற்கு முன்பே மாற்றினால் சில மணி நேர வேலை. தேய்ந்து ஷாஃப்ட்டையும் கெடுத்த பிறகு என்றால், உற்பத்தியே நிற்கும்.

பிறகு?

1961-ல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி முழு டயர் தயாரிப்பில் இறங்கியது. 1967-ல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. மாப்பிள்ளைக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2003 மார்ச்சில் 80 வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

எம்.ஆர்.எஃப் என்றதும் நினைவுக்கு வருவது கிரிக்கெட் பேட் ஸ்டிக்கரும் பங்கு விலையும்தான். ஆனால் அதன் முதல் பெரிய வெற்றி, இருப்பதை முழுசா கெடுவதற்கு முன்பே கவனித்த லாரிக்காரர்களால் வந்தது.

இன்னிக்கு வண்டியை எடுக்கும்போது டயரின் பள்ளங்களைக் குனிந்து பாருங்க. உள்ளே குறுக்கே சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். காரில் அது பொதுவாக 1.6 மி.மீ உயரம். மேல்பட்டை தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், டயரை மாற்ற வேண்டிய நேரம் வந்தாச்சு. பார்க்க ஒரு நிமிஷம் போதும்.