கோயில் சுவரிலே சோழ சரித்திரம் படித்தவர்

கும்பகோணத்துக்கு அருகே மண்ணியாற்றின் கரையில் திருப்புறம்பயம் என்று ஓர் ஊர் உண்டு. விநாயக சதுர்த்தி இரவில் பிள்ளையாருக்குத் தேன் அபிஷேகம் நடக்கும் ஸ்தலம் என்று பக்தர்கள் அறிவார்கள். ஆனால் கி.பி. 880-ஐ ஒட்டிப் பல்லவரும் பாண்டியரும் மோதிய பெரும்போர் நடந்ததும் அங்கேதான். பல்லவருக்குத் துணை நின்ற கங்க மன்னன் பிருதிவீபதி அங்கே மாண்டான். அதே பக்கம் நின்ற ஆதித்த சோழன் தலையெடுத்தான்.

அந்த ஊரில் 1892 ஆகஸ்டு 15-ந் தேதி பிறந்தவர்தான் தி. வை. சதாசிவப் பண்டாரத்தார்.

பள்ளிக்கூட வாத்தியார்

அவருக்குக் கல்லூரிப் பட்டம் கிடையாது. 1917 முதல் கால் நூற்றாண்டு கும்பகோணம் வாணாதுறை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். சம்பளமோ சொற்பம். ஆயினும் கல்வெட்டுள்ள ஊர்களுக்கு நேரிலே சென்று படித்தார்.

அது லேசான வேலை அல்ல. சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டவர்கள். பல கல்வெட்டுகளில் அந்தப் பட்டமும் ஆட்சியாண்டும் மட்டுமே இருக்கும். எந்தப் பரகேசரி? தானம் கொடுத்தவர் யார், எழுத்து எக்காலத்தது, மெய்க்கீர்த்தியில் வரும் போர் எது என்று ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும்.

தமிழிலே சரித்திரம்

அந்நாளில் சரித்திர ஆராய்ச்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. கல்லிலே தமிழ், அதைப் பற்றிய புத்தகமோ ஆங்கிலம்! பண்டாரத்தார் தமிழிலேயே எழுதினார். 1930-ல் முதற் குலோத்துங்க சோழன், 1940-ல் பாண்டியர் வரலாறு வெளியாயின. 1942-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. பட்டம் பெறாதவர் அங்கே ஆராய்ச்சியாளர் ஆனார்! 1949-ல் பிற்காலச் சோழர் வரலாற்றின் முதற் பகுதி வந்தது. 1951-ல் இரண்டாம் பகுதி. பேரரசுகளை எழுதிய அதே கை, சொந்த ஊரையும் மறக்கவில்லை. திருப்புறம்பயத்துக்கும் ஒரு தல வரலாறு எழுதி வைத்தது.

1960 ஜனவரி 2-ந் தேதி அவர் காலமானார். சோழர் வரலாற்றின் மூன்றாம் பகுதி மறு வருஷம்தான் அச்சாகி வந்தது. அதை அவர் கையில் எடுத்துப் பார்க்கவில்லை.

திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுகள் சிதைவதும், சுண்ணாம்புக்குள் மறைவதும் பல ஊர்களில் நேர்ந்திருக்கிறது. அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலைச் சுற்றும்போது, சுவரையும் ஒரு முறை பாருங்கள். வாசிக்க ஆளில்லாமல் ஒரு சரித்திரம் அங்கே காத்திருக்கலாம்.