இரமண முனிவரும் இறுதி நோயும்

உடம்பெடுத்தார்க்கு நோயும் மூப்பும் சாக்காடும் தவிராவென்பது யாவரும் அறிந்ததே. ஆயினும், மெய்யுணர்ந்தாரென உலகம் போற்றிய ஒருவர் கொடுநோயாற் பற்றப்பட்டுப் பல திங்கள் குருதி சோர நலிந்து மறைந்தனர் எனக் கேட்குங்கால் அன்பருள்ளம் கலங்குகின்றது. ஞானிக்கும் வினைப்பயன் உண்டோ, அருள் பெற்றார் தம் நோயைத் தாம் தீர்த்துக்கொள்ளாமை என்னை என்னும் வினாக்கள் எழுகின்றன. மடங்களில் முதிய அடியாரின் நோய்ப்படுக்கையருகே கண்விழித்திருந்தார்க்கு இவை வெறும் நூல்வினாக்கள் அல்ல. ஆதலின் இரமண முனிவரது வரலாற்றையும், சிறப்பாக அவர்தம் இறுதிப் பதினான்கு திங்களையும் ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

பாண்டிநாட்டுப் பாடல்பெற்ற தலமாகிய திருச்சுழியலில், 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், ஆருத்திரா தரிசனத்தை அடுத்த நள்ளிரவுக்குப் பின் இவர் பிறந்தனர். பிள்ளைத் திருப்பெயர் வேங்கடராமன். தந்தையார் சுந்தரமையர், அன்னையார் அழகம்மை. தந்தையார் 1892-இல் மறையவே, மதுரையிற் சிறிய தந்தையார் இல்லத்தில் வளர்ந்து கல்வி பயின்றனர். அங்குக் கைக்கு எட்டிய பெரியபுராணம் அவ்விளைஞர் உள்ளத்தை ஈர்த்தது. 1896-ஆம் ஆண்டு நடுவில், பதினாறு வயதில், நோயொன்றும் இன்றியே மரண அச்சம் சடுதியில் அவரைப் பற்றிற்று. அவர் எழுந்தோடவில்லை, பிறரை அழைக்கவுமில்லை. பிணம்போற் கிடந்து, இறப்பது உடம்போ நானோ எனத் தம்முள்ளே ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியில் அச்சம் ஒழிந்தது. பின்னர் ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து மெய்யான மரணம் வந்தபோது அவர் புதிதாகக் கற்கவேண்டுவது யாதும் இருந்திலது என்பதை நினைவிற் கொள்க.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் இல்லம் துறந்து, வழியில் திருஞானசம்பந்தர் வழிபட்ட அறையணிநல்லூரையும் கீழூர் வீரட்டத்தையும் வணங்கி, செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தனர். பின் அத்தலத்தை விட்டு நீங்கினாரல்லர். ஆயிரக்கால் மண்டபத்துப் பாதாளலிங்கத்தருகே அவர் அமர்ந்திருந்த காலத்துப் பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின; அஃது அவர்க்குத் தெரிந்திலது. பிறரே கண்டு வெளியே கொணர்ந்தனர். பிற்காலத்தில் விரூபாட்சி குகையிலும் கந்தாசிரமத்திலும் வாழ்ந்த ஞான்று, தேவிகாலோத்தரம் என்னும் ஆகமப் பகுதியைத் தமிழ்ச் செய்யுளாக்கினர். அவர் வழங்கிய அத்துவித நெறிக்கும் நம் சித்தாந்தத்துக்கும் உள்ள வேற்றுமையை இதழன்பர்கள் நன்கறிவர். அதனை ஈண்டு விரித்திலம்.

பிறர் இறுதியை அவர் நடத்திய முறை ஒன்று குறிக்கத்தக்கது. 1916-இல் மகனிடம் வந்து தங்கிய அன்னையார், 1922-ஆம் ஆண்டு மேத் திங்கள் 19-ஆம் நாள் உயிர்பிரியும் நிலையெய்தினர். துறந்த மகனார் அற்றைப் பகல் முழுதும், இரவு எட்டுமணி வரையும், ஒரு கையை அன்னையின் நெஞ்சிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்து அருகே இருந்தனர். துறவென்பது இறப்பாரைத் துறத்தலன்று என்பது அச்செயலால் விளங்கும். அன்னையின் சமாதியைச் சூழ்ந்தே இரமணாசிரமம் எழுந்தது.

ஆண்டுகள் சென்றன. முழங்கால் வாதத்தால் நடை தளர்ந்தது, கோல் துணையாயிற்று. எனினும் பந்தியில் தமக்கெனத் தனிப்பண்டம் இடுதலை ஒருகாலும் ஒப்பினாரல்லர். 1948-ஆம் ஆண்டின் இறுதியில் இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டியொன்று தோன்றிற்று. 1949 பிப்ரவரி 9-ஆம் நாள் ஆசிரம மருத்துவர் அதனை அறுத்து நீக்கினர். ஒரு திங்களுக்குள் முன்னினும் பெரிதாய் எழுந்தது. மார்ச்சுத் திங்களில் அன்னை சமாதிமீது எடுத்த மாத்ருபூதேசுவரர் கோயிற் குடமுழுக்கு நிகழ்ந்த காலத்தும் அப்புண் உடன் இருந்தது. அத்திங்கள் 27-ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த அறுவை மருத்துவர் மீண்டும் அறுத்தனர். ஆராய்ந்ததில் அது சார்க்கோமா என்னும் புற்றுநோய் என்று தெரிந்தது. எலும்பு, தசை முதலியவற்றை இணைக்கும் இழையங்களிலே தோன்றி விரைந்து பெருகும் வகையது.

கையை மேலே வெட்டி நீக்குதலே வழியென மருத்துவர் கூறினர். முனிவர் அதற்கு இசைந்திலர். உடம்பே ஒரு நோயாயிருக்க, அதன்கண் வந்த நோய்க்கு இத்துணைக் கவலை வேண்டாவென்றும், அது தன் இயல்பில் முடியட்டுமென்றும் அமைதியாக உரைத்தனர். ரேடியம் வைத்தனர், ஆகஸ்டு 7-ஆம் நாள் மூன்றாவதும், டிசம்பர் 19-ஆம் நாள் நான்காவதும் ஆக அறுவை நடந்தது. பின்னர் ஓமியோபதியும் நாட்டு மருத்துவமும் முறைமுறையே வந்தன. அவர் எம்மருந்தையும் வேண்டினாரல்லர். அன்பர் ஆசைப்பட்டுக் கொணர்ந்ததை மறுத்தாருமல்லர். மருந்து யாருக்கென்று நோக்கின், கொடுத்தவர் மனநோய்க்கே அது பெரிதும் பயன்பட்டது போலும்!

மதுரையில் அவர் பெரியபுராணத்திற் கற்ற மூர்த்தி நாயனார் சந்தனத்துக்கு மாறாகத் தம் முழங்கையைக் கல்லில் தேய்த்தனர். அது தாமே விரும்பிச் செய்த தொண்டு. இவர்க்கோ முழங்கைப்புண் வினைவழி வந்தது. ஒன்று செய்தல், மற்றொன்று ஏற்றல். இரண்டிடத்தும் உடம்பைத் தமதெனப் பற்றாத உள்ளம் ஒன்றே காணப்படுகின்றது.

இனி முதலில் எழுந்த வினாவைக் கொள்வோம். சஞ்சிதம் குருவருளால் ஒழியும், ஆகாமியம் ஏறாது, பிராரத்தம் உடம்புள்ளளவும் உடம்பின்வழியே கழியும் என்பது நம் நூல்களின் துணிபு. குயவன் கை எடுத்த பின்னும் திகிரி சிறிது சுழலுதல் போல்வது அது. அப்பரடிகளைச் சூலை பற்றியதும் நீங்கியதும் திருவருளே. சுந்தரர் கண்ணொளி மறைந்ததும் மீண்டதும் திருவருளே. நீங்காது நின்ற நோயில் மட்டும் அருள் இல்லையென்று கூறுதல் யாங்ஙனம் பொருந்தும்? ஆகலின் நோய் வந்தமை ஞானத்துக்கு இழுக்கன்று. நோயிடை நின்ற நிலையே ஆராயத்தக்கது.

அந்நிலை யாது? அறுவை நடந்த நாளிலும் அன்பர்க்குக் காட்சியளித்தலை அவர் விட்டிலர். இறுதி நாட்களில் சிற்றறையொன்றிற் கிடந்தபோதும், காலையும் மாலையும் மக்கள் வரிசையாய் வந்து காணும் வழியை அடைக்க இசைந்திலர். கண்ணீர் விட்டாரைத் தாமே தேற்றினர். தாம் போவதாகச் சொல்லுகின்றார்களே, எங்கே போவது என்று வியந்து வினவினர். உண்டபின் இலையை எறிதல் இயல்பென்று எளிய உவமையாற் கூறினர். மயில் அகவக் கேட்டு அதற்கு இரை இட்டாயிற்றா என்று உசாவினர். நோவு உடம்பில் இருந்தது. அதனை மருத்துவர் அறிவர். ஆனால் அந்நோவு அவர்தம் அன்பைச் சுருக்கிற்றிலது. நம்மனோர் நோயுற்றபோது உலகம் நம் படுக்கையளவாய்க் குறுகிவிடுகின்றது. அவர்க்கு அது குறுகாதிருந்தமையே நாம் கற்கவேண்டிய பாடம்.

1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மாலை, உடனிருந்த தொண்டரிடம் தம்மை நிமிர்த்தி அமர்த்தும்படி குறித்தனர். பிராணவாயுக் கருவியை மருத்துவர் பொருத்தத் தொடங்க, வலக்கையால் அதனை விலக்கினர். வெளியே தாழ்வாரத்தில் அன்பர்கள் அவரியற்றிய அட்சரமணமாலையைப் பாடலாயினர். அது கேட்டுக் கண்களைச் சிறிது திறந்தனர். கடைக்கண்களில் நீர் வழிந்தது. இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு மூச்சு அடங்கிற்று. அந்நேரத்து விண்மீனொன்று வானிற் சென்றதைப் பலர் கண்டனர். மறுநாள் மாலை ஆசிரமத்திலேயே சமாதி வைத்தனர். எழுபத்தைந்து ஆண்டுகட்கு மேல் ஆயினும் அச்சமாதியில் வழிபாடு குறையாது நடக்கின்றது.

முடிவாக ஒன்று கூறுவோம். இவ்வரலாறு கொண்டு, நோயுற்றார் மருந்தை வெறுத்தல் தகும் என்றோ, அறுவைக்கு அஞ்சுதல் ஞானம் என்றோ எவரும் கொள்ளற்க. தம் கையைக் காக்க மறுத்த உரிமை அவரது. பிறர் உடம்பைப் புறக்கணிக்கும் உரிமை நமக்கு இல்லை. புற்றுநோய்க்கு அக்காலத்து இல்லாத நன்மருத்துவம் இன்று பலவுள. அவற்றைக் காலத்தே நாடுதல் கடமையே. தீராத இடத்து நோயாளரருகே இருத்தல் நம் தொண்டு. அன்னையின் நெஞ்சிற் கைவைத்துப் பகல் முழுதும் இருந்த அம்மகனாரை நாம் பின்பற்றலாம். நமக்கும் அந்நாள் வருங்கால், அருகிருப்பார் மனநோவைத் தணிக்கும் உள்ளம் வாய்க்குமாறு இறைவன் திருவடியை இன்றே வேண்டுவோமாக.