பெரியநாயகி என்னும் பெயர்



சென்ற மாதம் ஓர் இளந்தம்பதியர் தங்கள் பெண்குழந்தையின் ஞானஸ்நானத்திற்காக வந்தார்கள். பாட்டியின் பெயர் பெரியநாயகி. அதையே பேத்திக்கு இடவேண்டுமென்பது அம்முதியவளின் ஆசை. தகப்பனுக்கோ தயக்கம். புறமதத்தாரும் வைக்கும் பெயராயிற்றே, இது கிறிஸ்தவப் பெயர்தானா என்று கேட்டான். உங்களில் பலருக்கும் இச்சந்தேகம் இருக்கக்கூடும். ஆகவே, தேவமாதாவுக்கு இப்பெயரைச் சூட்டிய மகானின் சரிதையைச் சற்றுக் கேளுங்கள்.

இத்தாலி நாட்டில் 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ம் நாள் பிறந்தவர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. 1698-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1710-ல் கோவாவில் வந்திறங்கி, பின்பு தமிழகத்தை அடைந்தார். தம் பெயருக்கு மனவுறுதி என்பது பொருளாதலால், தமிழில் தைரியநாதர் என்று பெயர் பூண்டார். இவரையே நாம் வீரமாமுனிவர் என்று கொண்டாடுகிறோம்.

பெயரின் ஓசையை விட அதன் பொருளையே அவர் பெரிதாக மதித்தார். 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியில் அர்ச். சூசையப்பருக்கு வளன் என்று பெயர். எபிரேய மொழியில் சூசை என்பது பெருகச் செய்தலைக் குறிக்குமல்லவா?

நம் ஆத்தூருக்குக் கிழக்கே, விருத்தாசலம் பகுதியில் கோணான்குப்பம் இருக்கிறது. அங்கே அவர் தேவமாதாவுக்குக் கோயில் எழுப்பினார். தமிழ்ப் பெண்ணைப்போல் சேலையுடுத்திய சுரூபத்தை வைத்து, பெரியநாயகி என்று அழைத்தார். மக்கள் நாவில் முன்பே புழங்கிய பெயர்தான். அதற்காக அவர் அஞ்சவில்லை. நாயகி என்றால் தலைவி. மரியாள் என்னும் பெயருக்குச் சீரிய மொழியில் தலைவி என்றே பொருளென்று அர்ச். ஜெரோம் முன்னமே எழுதியிருக்கிறார். அப்படியானால் பெரியநாயகி என்பது மரியாளின் பெயரே, தமிழில் சொன்னது.

முனிவர் 1747-ல் கேரளத்து அம்பழக்காட்டில் மரித்தார். அவருடைய சதுரகராதியைப் புலவர்கள் போற்றுகிறார்கள். அவர் தேவமாதாவுக்குச் சூட்டிய பெயரையோ எழுத்தறியாத நம் பாட்டிமார் இருநூறு வருஷங்களுக்கு மேலாகக் காத்து வந்திருக்கிறார்கள். அதை நாம் வெட்கப்பட்டுக் கைவிடலாமா?

இதையெல்லாம் கேட்டபின் அந்தத் தகப்பன் மனம் இசைந்தான். குழந்தைக்குப் பெரியநாயகி என்றே பெயரிட்டோம். உங்கள் வீட்டிலும் அப்பெயருடையவள் இருந்தால், பெரியா என்று சுருக்காமல் முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிடுங்கள். அது யாருடைய பெயரென்று அவளுக்கு ஒருநாள் உட்கார வைத்துச் சொல்லுங்கள்.