அனுபவம் கற்பித்த முதலீட்டுப் பாடம்

பங்குச் சந்தையில் வெற்றி பெறுவதற்குப் பொருளியல் அறிவு ஒன்றே போதுமெனக் கருதுவோர் நம் மத்தியில் பலர் உள்ளனர். அத்தகையோர் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பொருளியலாளர்களுள் ஒருவரான ஜோன் மேனார்ட் கெய்ன்ஸின் வாழ்க்கையை நோக்குதல் நன்று.

1883 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்த கெய்ன்ஸ், முதலாம் உலகப் போரின் பின்னர் நாணயச் சந்தையில் இறங்கினார். போரினால் நலிவுற்ற ஐரோப்பிய நாணயங்கள் மேலும் வீழ்ச்சியடையும் என அவர் கணித்தார். காலப்போக்கில் அக்கணிப்புச் சரியாகவே அமைந்தது. ஆயினும் 1920 மே மாதத்தில் அந்நாணயங்கள் தற்காலிகமாக ஏற்றம் கண்டபோது, கடன்பட்டு வணிகம் செய்த அவரால் காத்திருக்க இயலவில்லை. தமது பணத்துடன் நண்பர்கள் நம்பி ஒப்படைத்த பணத்தையும் அவர் இழக்க நேரிட்டது.

அக்கடன்களை அடைத்து மீண்ட அவர், 1924 இல் தாம் பயின்ற கிங்ஸ் கல்லூரியின் பிரதான நிதிப் பொறுப்பாளரானார். பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கங்களை முன்கூட்டியே அறிந்து வாங்கவும் விற்கவும் தம்மால் முடியும் என்பதே அவரது அன்றைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையும் பொய்த்தது. மலாயாவிலும் இலங்கையிலும் நடைமுறையிலிருந்த இறப்பர் கட்டுப்பாட்டை நீக்கப்போவதாக 1928 இல் பிரித்தானிய அரசு அறிவிக்கவே, இறப்பர் விலை சரிந்து அவருக்குப் பெரும் நட்டம் ஏற்பட்டது. 1929 இன் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ச்சியையும் அவர் முன்னுணரவில்லை.

இந்த அடிகளுக்குப் பின்னரே அவர் தமது வழியை மாற்றிக்கொண்டார். சந்தையின் போக்கைக் கணிக்கும் முயற்சியைக் கைவிட்டு, தாம் நன்கறிந்த சில நிறுவனங்களின் பங்குகளை, அவற்றின் உண்மைப் பெறுமதியிலும் குறைந்த விலைக்கு வாங்கி, பல ஆண்டுகள் வைத்திருந்தார். 1937 இல் இதயநோயும் சந்தைச் சரிவும் ஒருசேரத் தாக்கியபோதும், பீதியடைந்து விற்றுத் தள்ளுவதை அவர் ஏற்கவில்லை. 1946 ஏப்ரல் 21 ஆம் திகதி அவர் மறைந்தபோது, 1920 இல் சுமார் 30,000 பவுணாக இருந்த கல்லூரியின் நிதியம் சுமார் 3 இலட்சத்து 80,000 பவுணாக வளர்ந்திருந்தது.

பெரும் மேதையான கெய்ன்ஸுக்கே இப்பாடத்தைக் கற்கப் பத்தாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. ஆண்டுகள் கழிவதால் மட்டும் அனுபவம் கைகூடுவதில்லை; நட்டத்தின் காரணத்தை ஆராய்ந்து திருந்துபவருக்கே அது வாய்க்கிறது. குடும்பச் சேமிப்பையும் கடன் பணத்தையும் ஒரே நாளில் சந்தையில் கொட்ட முனைவோர் இதனை மனங்கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.